பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு: பிடிவாதமான சொறிசிரங்குக்கு எதிராக எவ்வளவு தூரம் நம்பலாம்?

தோல் மருத்துவர்கள் சொறிசிரங்குக்கு முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைத்தான். எங்கள் வீட்டில் ஒருவரிடம் தொடங்கி மற்றவர்களுக்கும் பரவி, ஒழிந்துவிட்டது என்று நிம்மதி அடையும்போதெல்லாம் மீண்டும் தலைகாட்டிய ஒரு பிடிவாதமான தொற்றின்போது, இந்தக் களிம்பையும், இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் வேறு சில மருந்துகளையும் பயன்படுத்த நேர்ந்தது. எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதை இங்கே பெரிதுபடுத்தப் போவதில்லை. மருந்துப்பொருளும் அதன் அளவும் ஒன்றாக இருக்கும்வரை பெயர் மாறுவதால் பலன் மாறியதாக எனக்குத் தெரியவில்லை. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: களிம்புக்கு ஐந்தில் நான்கு தரலாம், டியூபோடு மடித்து வைக்கப்பட்டிருக்கும் விவரச்சீட்டுக்கு ஐந்தில் ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை. சொறிசிரங்கைப் பொறுத்தவரை மருந்து பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதி அதைப் பூசும் முறையிலும், யார் யார் பூசிக்கொள்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. அந்த மீதிப் பாதியைப் பற்றி விவரச்சீட்டு வாயே திறப்பதில்லை.

இம்மருந்து எதை எதிர்கொள்கிறது என்று தெரிந்தால்தான் அதை நியாயமாக எடைபோட முடியும். சொறிசிரங்கை உண்டாக்குவது சார்கோப்டெஸ் ஸ்கேபியை என்னும் எட்டுக்கால் உண்ணி. அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத பெண் உண்ணி, தோலின் மேலடுக்கில் வளை தோண்டி, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகள் வீதம் இட்டுக்கொண்டே ஒன்று முதல் இரண்டு மாதங்கள் வரை உயிர் வாழ்கிறது. முட்டைகள் மூன்று நான்கு நாள்களில் பொரிகின்றன. குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முழு வளர்ச்சி பெறுகின்றன. உடல் முழுவதும் பற்றி எரிவதுபோல் அரித்தாலும், சாதாரணத் தொற்றில் ஒருவர் உடலில் இருப்பவை பெரும்பாலும் பத்துப் பதினைந்து உண்ணிகளே. அரிப்புக்குக் காரணம் அவை கடிப்பதன்று. உண்ணி, அதன் முட்டை, அதன் கழிவு ஆகியவற்றை நம் உடலின் எதிர்ப்பாற்றல் ஏற்க மறுப்பதால் எழும் ஒவ்வாமையே அது. இதனால் இரண்டு சிக்கல்கள் விளைகின்றன. முதன்முறையாகத் தொற்றியவருக்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை எந்த அரிப்பும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் அந்த நாள்களிலும் அவரிடமிருந்து தொற்று பிறருக்குப் பரவும். உண்ணிகள் அனைத்தும் செத்த பின்னரும் அவற்றின் மிச்சங்கள் தோலில் கிடக்கும்வரை அரிப்பு நீடிக்கும். முதலாவது சிக்கல் மருந்தைப் போதுமான பேர் பூசிக்கொள்ளாமல் போகக் காரணமாகிறது. இரண்டாவது, வேலை செய்துவிட்ட மருந்தை வேலை செய்யவில்லை என்று தூற்றக் காரணமாகிறது.

இனி களிம்பைப் பார்ப்போம். சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு பூவில் இயற்கையாகக் கிடைக்கும் பைரித்ரின் என்னும் பூச்சிகொல்லியை ஒத்ததாக ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டதுதான் பெர்மெத்ரின். உண்ணியின் நரம்புகளில் சோடியம் அயனிகள் சென்றுவரும் வாயில்களை மூடவிடாமல் செய்து, அதை முடக்கிக் கொல்கிறது. மனித உடலுக்குள் மிகச் சிறிதளவே ஊடுருவுகிறது, அதுவும் விரைவில் சிதைந்து வெளியேறிவிடுகிறது. வெள்ளை நிறம், ஏறக்குறைய வாசனையே இல்லை, விரைவில் தோலோடு கலந்துவிடும், பிசுபிசுப்பும் குறைவு. இரவு முழுவதும் உடம்பில் வைத்திருக்க வேண்டிய ஒரு மருந்துக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல. சொறிந்து புண்ணான இடங்களில் பூசிய சில நிமிடங்களுக்கு எரிச்சலும் குறுகுறுப்பும் இருக்கும். எங்கள் வீட்டில் அதைப் பொறுக்க முடியாதவர் எவரும் இல்லை.

முதல் குறை அளவில் இருக்கிறது. நடுத்தர உடல்வாகு கொண்ட ஒருவரின் கழுத்து முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பூசுவதற்கே ஏறத்தாழ 30 கிராம் தேவைப்படும். பெரிய உடம்பென்றால் இன்னும் கூடுதலாக வேண்டும். அட்டைப்பெட்டியைப் பார்க்கும் எவருக்கும் ஒரு டியூப் ஒரு குடும்பத்துக்குப் போதும் என்றே தோன்றும். வலிநிவாரணக் களிம்பைத் தேய்ப்பதுபோல அரிக்கும் இடங்களில் மட்டும் தடவிவிட்டு மிச்சம் பிடிப்பவர்கள் பலர் இருப்பதற்கு இந்தத் தோற்றமே காரணம் என்று நினைக்கிறேன். அரிக்கும் இடமும் உண்ணி இருக்கும் இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தடிப்பு தொப்புளைச் சுற்றி இருக்கும். உண்ணி விரலிடுக்கில் வளை தோண்டிக்கொண்டிருக்கும்.

பூசும் முறையை விரிவாகச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முழுமை பெறாது. வெந்நீரில் குளித்து உடம்பு சூடாக இருக்கும்போது பூசுவது பழைய வழக்கம். இப்போது உலர்ந்து குளிர்ந்த தோலில் பூசும்படியே அறிவுறுத்துகிறார்கள், ஏனெனில் சூடான தோல் மருந்தை உள்ளே இழுத்துக்கொண்டால், உண்ணி வசிக்கும் மேலடுக்கில் நிற்க வேண்டியது நிற்காமல் போய்விடும். கழுத்துக்குக் கீழ் ஓர் இடம்கூட விடுபடக் கூடாது: விரலிடுக்குகள், மணிக்கட்டின் உள்பக்கம், முழங்கை, அக்குள், மார்பகத்தின் அடிப்பகுதி, தொப்புள், இடுப்பில் ஆடை இறுக்கும் வளையம், பிட்டப் பிளவு, பிறப்புறுப்பு, உள்ளங்கால், கால்விரல் இடுக்கு. நகங்களை ஒட்ட வெட்டி, நகத்தடியில் பழைய மென்மையான பல்துலக்கியால் மருந்தை ஏற்ற வேண்டும், சொறியும்போது உண்ணிகளும் முட்டைகளும் அங்கே தங்கிவிடக்கூடும் என்பதால். முதுகை வேறொருவர்தான் பூசிவிட வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தலை, நெற்றி, காதோரம், கழுத்து ஆகிய இடங்களிலும் உண்ணி இருக்கக்கூடும் என்பதால், கண்ணையும் வாயையும் தவிர்த்து அங்கும் பூசும்படி மருத்துவர் சொல்வார். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

பூசிய மருந்து 8 முதல் 14 மணி நேரம் வரை உடம்பில் இருக்க வேண்டும். இரவில் பூசிக்கொண்டு படுத்தால் இது எளிதாகத் தோன்றும். ஆனால் அந்த இரவில் கைகழுவாமல் இருப்பவர் யார்? கழிப்பறைக்குச் சென்று வந்து கைகழுவினால், உண்ணிகள் மிகவும் விரும்பும் இடமான விரலிடுக்கிலிருந்து மருந்து முதலில் போய்விடுகிறது. ஒவ்வொரு முறை கைகழுவிய பின்னும் கைகளில் மறுபடி பூச வேண்டும் என்ற ஒரு வரியை விவரச்சீட்டில் சேர்ப்பதற்கு எந்தத் தயாரிப்பாளருக்கும் பெரிய செலவு ஆகாது. கைக்குழந்தை விரலைச் சூப்பும் வழக்கம் உடையதாக இருந்தால் கையுறையோ காலுறையோ மாட்டிவிட வேண்டும் என்பதும் அதே கணக்கில் சேரும்.

விவரச்சீட்டுகள் மிகவும் குழப்புவது இரண்டாவது பூச்சு விஷயத்தில்தான். ஒரு முறையே போதும், தேவைப்பட்டால் மீண்டும் பூசலாம் என்ற பாணியிலேயே பல விவரச்சீட்டுகள் எழுதப்படுகின்றன. தேவைப்படுகிறதா என்பதை நோயாளி எதை வைத்துத் தீர்மானிப்பார்? அரிப்பை வைத்தென்றால், அது எப்படியும் வாரக்கணக்கில் நீடிக்கப் போகிறது. முதல் பூச்சில் தப்பிய முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் வளர்ந்து மறுபடி முட்டையிடத் தொடங்குவதற்கு முன் அவற்றை மடக்குவதே இரண்டாவது பூச்சின் நோக்கம். எனவே 7 முதல் 14 நாள்கள் கழித்து, அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதைச் செய்துவிடுவதே பாதுகாப்பானது. பல மருத்துவ வழிகாட்டுதல்களும் இரண்டு பூச்சுகளைத்தான் சொல்கின்றன.

எனினும் எங்கள் வீட்டில் இம்மருந்தின் வெற்றியைத் தீர்மானித்தது பூச்சின் எண்ணிக்கையன்று. ஒரே இரவில் அனைவரும் பூசிக்கொண்டதுதான். எனக்கு ஒன்றும் இல்லையே, நான் ஏன் பூச வேண்டும் என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழும். நான்கு ஆறு வாரங்கள் அறிகுறியே இல்லாமல் உண்ணியைச் சுமந்திருக்க முடியும் என்பதை விளக்கிச் சொன்ன பின்னரும், வீட்டில் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் டியூபை வாங்கினார். ஒரே வீட்டில் வசிப்பவர்கள், படுக்கையைப் பகிர்பவர்கள், உடலுறவுத் துணை, குழந்தையைத் தூக்கி வளர்ப்பவர், முதியவரைக் குளிப்பாட்டுபவர் என நெடுநேரத் தோல் தொடர்பு உள்ள எல்லோரும் ஒரே நாளில் சிகிச்சை பெற வேண்டும். ஒருவர் இன்றைக்கும் இன்னொருவர் அடுத்த வாரமும் பூசினால் உண்ணி ஓர் உடம்பிலிருந்து மற்றோர் உடம்புக்கு மாறி மாறிச் சென்றுகொண்டிருக்கும். ஏற்கெனவே தொற்று வந்து போனவருக்கு அது மீண்டும் வந்தால், ஒவ்வாமை முன்பே பதிந்திருப்பதால், ஓரிரு நாள்களிலேயே அரிக்கத் தொடங்கும். இதைத்தான் பலர் மருந்து தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, உறவினரிடம் தகவல் தெரிவிக்காமல் விடுவதும் இந்தச் சுழற்சியை நீட்டிக்கும். சொறிசிரங்கு அழுக்கின் அடையாளமன்று. நாள்தோறும் குளிப்பவர் உடம்பிலும் அந்த உண்ணி வளைக்குள் பத்திரமாகவே இருக்கும்.

துணிமணிகள் விஷயத்தில் நேர்மாறான மிகை நடக்கிறது. வீடு முழுவதையும் கொதிக்கவைத்து, மெத்தையை எரித்து, சுவருக்கெல்லாம் பூச்சிமருந்து தெளிப்பவர்கள் உண்டு. மனித உடம்பை விட்டு இறங்கிய உண்ணி சாதாரணமாக இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் தாங்குவதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பூச்சியியலாளர் கென்னத் மெல்லன்பி தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திய சோதனைகளில், நோயாளிகளின் உள்ளாடைகளையும் போர்வைகளையும் அப்படியே பயன்படுத்தியவர்களில் மிகச் சிலருக்கே தொற்று ஏற்பட்டது. தோலும் தோலும் நெடுநேரம் ஒட்டியிருப்பதுதான் முதன்மையான வழி என்பது அன்றே தெளிவாகிவிட்டது. ஆகவே கடந்த மூன்று நான்கு நாள்களில் பயன்படுத்திய உடை, துண்டு, படுக்கை விரிப்பு ஆகியவற்றை வெந்நீரில் துவைத்துச் சூடாக உலர்த்தினால் போதும். 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பத்து நிமிடங்களில் உண்ணியும் முட்டையும் அழிந்துவிடும். துவைக்க முடியாதவற்றை நெகிழிப் பையில் காற்றுப்புகாமல் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைக்கலாம். பூச்சிமருந்து தெளிப்பது தேவையற்றது. வளர்ப்பு விலங்குகளுக்கும் சிகிச்சை வேண்டாம், மனிதரின் சொறிசிரங்கு உண்ணி அவற்றின் உடம்பில் பெருகுவதில்லை. ஆனால் பெர்மெத்ரின் பூனைகளுக்குக் கொடிய நஞ்சு என்பதால், மருந்து பூசிய இரவில் பூனையை மடியில் ஏற்றக் கூடாது. இதையும் நான் எந்த விவரச்சீட்டிலும் படித்ததில்லை.

மருந்தைக் கழுவிய பிறகு வரும் வாரங்களே மிகக் கடினமானவை. இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை அரிப்பு தொடர்வது இயல்பு. சில சமயம் முதல் சில நாள்களில் சற்றுக் கூடவும் செய்யும். அந்தப் பதற்றத்தில் நாள்தோறும் பெர்மெத்ரினையே அள்ளிப் பூசினால் தோல் வறண்டு, எரிந்து, மருந்தினாலேயே தோலழற்சி உண்டாகி, அதுவும் அரிக்கும். பிறகு எந்த அரிப்பு எதனால் என்று பிரித்தறிவது தோல் மருத்துவருக்கே சிரமமாகிவிடும். மணமற்ற ஈரப்பதக் களிம்பு, மருத்துவர் சொல்லும் ஒவ்வாமை மாத்திரை, தேவையானால் சில நாள்களுக்கு மட்டும் மிதமான ஸ்டீராய்டு பூச்சு ஆகியவை இந்தக் காலத்தைக் கடக்க உதவும். அக்குளிலும் பிறப்புறுப்புப் பகுதியிலும் வரும் செந்நிற முடிச்சுகள், உண்ணி ஒழிந்த பின்னும் மாதக்கணக்கில் இருக்கக்கூடும். புதிய வளைகளும் புதிய இடங்களில் தடிப்புகளும் தோன்றுகின்றனவா என்பதே கவனிக்க வேண்டிய அடையாளம். முதலிலிருந்தே கடுமையான ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தாமாகவே வாங்கிப் பூசுவது இந்நோயில் செய்யக்கூடிய மிக மோசமான காரியங்களில் ஒன்று. சிவப்பும் தடிப்பும் அடங்கி நோய் முகம் மாறிப்போகும், உண்ணி மட்டும் தடையின்றிப் பெருகும்.

முறைப்படி எல்லாம் செய்தும் புதிய வளைகள் தோன்றினால், அப்போது மருந்தையே சந்தேகிக்கலாம். பெர்மெத்ரின் முன்போல் வேலை செய்வதில்லை என்ற கவலை அண்மை ஆண்டுகளில் பல நாடுகளின் தோல் மருத்துவர்களிடையே எழுந்துள்ளது. உண்ணியிடம் எதிர்ப்புத்தன்மை எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது, பூசும் குறைபாடுகளின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டும், இரண்டு பூச்சுகளுக்கும் அனைவரின் சிகிச்சைக்கும் பிறகு, மணிக்கட்டில் புதிய வளைகள் வந்தன. தோல் மருத்துவர் உருப்பெருக்கிக் கருவியின் கீழ் பார்த்து, வளையின் முனையில் உண்ணியின் தலைப்பகுதி கரிய சிறு முக்கோணமாகத் தெரிவதைக் காட்டிய பிறகே அடுத்த மருந்துக்குச் சென்றோம். இந்தச் சோதனையை வற்புறுத்திக் கேட்பது நல்லது. கரப்பான் என்னும் தோலழற்சி, உணவு ஒவ்வாமை, மூட்டைப்பூச்சிக் கடி என எத்தனையோ அரிப்புகளுக்குச் சொறிசிரங்கு என்ற பெயரில் வீணாகப் பூச்சிமருந்து பூசப்படுகிறது.

மாற்று மருந்துகளில் ஐவர்மெக்டின் மாத்திரையே மிகவும் வசதியானது. கிலோ எடைக்கு 200 மைக்ரோகிராம் என்ற கணக்கில், உணவோடு சேர்த்து ஒரு முறையும், 7 முதல் 14 நாள்களுக்குள் மறுமுறையும் தருகிறார்கள். முட்டைகளை இது கொல்லாது என்பதால் இரண்டாவது வேளையைத் தவிர்க்கவே கூடாது. முதுகைப் பூசிவிட ஆள் இல்லாதவர்களுக்கும், முதியோர் இல்லம், விடுதி போன்ற நெரிசலான இடங்களுக்கும் இது பெரிய வரம். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கும் பொதுவாகத் தருவதில்லை. எங்கள் வீட்டில் அடங்காமல் நின்ற அந்த ஒருவருக்கு மாத்திரையும் களிம்பும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட பிறகே புதிய வளைகள் நின்றன. பென்சைல் பென்சோயேட் திரவம் பழைய மருந்தென்றாலும் வலுவானது. பெர்மெத்ரினுக்கு அடங்காத தொற்றுகளில் மறுபடி மதிப்புப் பெற்று வருகிறது. ஆனால் அது சொறிந்த தோலில் தரும் எரிச்சல் பெர்மெத்ரினோடு ஒப்பிடக்கூடியதன்று, வாடையும் கடுமை. கந்தகக் களிம்பு நாறும், துணியைக் கறைப்படுத்தும், தொடர்ந்து சில இரவுகள் பூச வேண்டும். இருந்தும் பச்சிளங்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பாதுகாப்பானதாகக் கருதப்படுவதால் அதன் இடம் இன்னும் பறிபோகவில்லை. லிண்டேன் திரவத்தை எவரேனும் பரிந்துரைத்தால், அது நரம்பு மண்டலத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என்பதை நினைவில் வைத்து வேறு வழி கேட்கலாம். ஒரு சதவீதப் பெர்மெத்ரின் திரவம் தலைப்பேனுக்கானது, பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாந்து வாங்கிவிடக் கூடாது.

இக்களிம்பைக் கொண்டு வீட்டிலேயே சமாளிக்கப் பார்க்கக் கூடாத நிலைகளும் உள்ளன. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் மிக முதியவர்களுக்கும் வரும் பொருக்குச் சொறிசிரங்கில், தடித்த பொருக்குகளுக்குள் உண்ணிகள் ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் இருக்கும், அரிப்போ சில சமயம் குறைவாகவே தெரியும். அதற்குப் பலமுறை பூச்சும் பலமுறை மாத்திரையும் மருத்துவக் கண்காணிப்பில் தேவை. சொறிந்த புண்ணில் சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, குழந்தையின் முகம் வீங்கிச் சிறுநீர் கருநிறமானாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். புண் வழியே நுழையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சிறுநீரகத்தைப் பாதிக்க முடியும். உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில் சொறிசிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்ததற்கு இத்தகைய பின்விளைவுகளும் ஒரு காரணம்.

டியூபில் மிச்சம் இருந்தால், காலாவதித் தேதியைப் பார்த்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், அறை வெப்பத்தில் வைக்கலாம். சிகிச்சை முடிந்து நான்கு வாரங்களுக்குப் பின்னும் அரிப்பு குறையாமல் இருந்தால், அந்த மிச்சத்தைத் தேடி எடுக்காமல் மருத்துவரிடம் மறுபடி தோலைக் காட்டுங்கள்.